கல்யாண முருங்கை கட்டிய பரிசல்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது தரகர் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஆத்தங்கரை ஊருங்க. தண்ணிப் பஞ்சம்னா என்னான்னே அவங்களுக்குத் தெரியாது." என் அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. கம்பைநல்லூர்ப் பக்கம் எங்கள் காட்டில் போர் போட்ட இடத்திலெல்லாம் புழுதிதான் பறந்தது. தண்ணீர் லாரி வரும் நாளில் குடத்தோடு ஓடி, வரிசையில் முண்டி, வாய்ச்சண்டை போட்டு வளர்ந்தவள் நான். என் வாய் இவ்வளவு நீளமானதற்கு அந்த லாரிதான் காரணம். "கண்ண மூடிக்கினு கட்டிக்கடி. கொடத்தத் தூக்கிக்கினு அலையற பொழப்பு என்னோட போவட்டும்" என்றாள் அம்மா. கண்ணை மூடிக்கொண்டு கட்டிக்கொண்டேன்.

தரகர் பொய் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தால் வாசலுக்கு எதிரே தண்ணீர். பென்னாகரத்தில் பஸ் ஏறி, வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டே வந்தால் எங்கள் ஊர். ஒகேனக்கல்லில் அவ்வளவு சத்தம் போட்டு விழும் காவிரி, இங்கே வரும்போது மேட்டூர் அணைத் தண்ணீரோடு கலந்து, ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் அகன்று கிடக்கும். எதிர்க்கரை வேறு மாவட்டம். அந்தப் பக்கமும் மலை, இந்தப் பக்கமும் மலை. இரண்டு பக்கமும் அதே வேலிக்காத்தான், அதே பாறை, அதே காய்ந்த நிறம்.

தரகர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் ஊரில் மீன்பிடிக்கப் பரிசலில் தனியாக யாரும் போவதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் போவார்கள். அவன் வலை விடுவான், அவள் துடுப்புப் போடுவாள். பரிசல் வட்டமானது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வலை விடுகிறவனே துடுப்பையும் போட்டால் பரிசல் தன்னைத்தானே சுற்றி, வலை அதன் மேலேயே சுருட்டிக்கொள்ளும். அதனால் இங்கே கல்யாணமாகாத பையனைப் பார்த்தால், "துடுப்புக்கு ஆள் பாத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். இதை யாராவது எங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தால் அவள் லாரித் தண்ணீரே மேல் என்று என்னை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பாள்.

என் புருஷனுக்கு அதுவரை துடுப்புப் போட்டது என் மாமியார். மாமனார் இருந்தவரை அவருக்குப் போட்டார், அவர் போன பிறகு மகனுக்கு. பரிசலில் முட்டி போட்டு உட்கார்ந்துதான் துடுப்பைப் பிடிக்க வேண்டும். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து அத்தையின் வலது முட்டி வீங்கி, மடக்கினால் நீட்ட முடியாது, நீட்டினால் மடக்க முடியாது என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவசர அவசரமாக எங்கள் வீட்டுக்குத் தரகர் வந்திருக்கிறார். விருந்துச் சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு இது எனக்குத் தெரியவந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"நீங்க பொண்டாட்டியத் தேடினீங்களா, மோட்டாரத் தேடினீங்களா?" என்று புருஷனிடம் கேட்டேன்.

"ரெண்டும்தான்" என்றார் அவர். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. அப்போது எரிச்சலாக இருந்தது. பிறகு அதுதான் எனக்குப் பிடித்துப்போனது.

சரி, என்னதான் ஆகிவிடும் என்று முதல் தடவை ஏறினேன். கரையோரம் கொஞ்ச நேரம் சொல்லிக் கொடுத்தார். தண்ணீரைப் பின்னால் தள்ளக் கூடாது, நம் பக்கமாக இழுக்க வேண்டும், இடமும் வலமும் மாற்றி மாற்றி. வந்துவிட்டது போலத்தான் இருந்தது. நடுத் தண்ணீருக்குப் போய் அவர் வலையைத் தூக்க, காற்று ஒரு தள்ளு தள்ளியது. நான் பதறி ஒரே பக்கம் இழுத்துவிட்டேன். பரிசல் சுற்ற ஆரம்பித்தது. மலை, தண்ணீர், மலை, தண்ணீர் என்று கண்ணுக்கு முன்னால் ஓடியது. நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

"போதும், வூட்டுக்குப் போலாம், போடு" என்றார் அவர், வலையைப் பார்த்துக்கொண்டே.

நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்து, சிரிசிரி என்று சிரித்தார். "ஏ புள்ள, அது அக்கரை. நம்ப வூடு அந்தாண்ட இருக்குது."

அவர் கேலிக்குத்தான் சிரித்தார். எனக்கு அது கேலியாக இல்லை. வந்த வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதே எனக்கு இன்னும் பழகவில்லை. காலையில் கண் விழிக்கும்போது இது யார் வீட்டு ஓடு என்று ஒரு நிமிஷம் திகைப்பேன். இப்போது தண்ணீருக்கு நடுவில், எந்தக் கரை என் கரை என்பதும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. இரண்டும் எனக்கு வேற்றூராகத்தான் இருந்தது. அன்றைக்குக் கரை சேரும்வரை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன். அவர் அதைத் தண்ணீர் தெறித்தது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து ஏற மாட்டேன் என்றுவிட்டேன். காரணம் கேட்டார்கள். "பயமா இருக்குது" என்றேன். கவிழ்ந்துவிடும் என்று பயப்படுகிறாள் என ஊரே புரிந்துகொண்டது. நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். தண்ணீருக்குப் பயப்படுவது மரியாதையான பயம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்று சொன்னால் சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிக்கும்.

அத்தை முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி போக ஆரம்பித்தார். திரும்பி வரும்போது அவரைக் கையைப் பிடித்துத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பேசுவதே குறைவு. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொண்டிருப்பேன். பேசாதவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

பக்கத்து வீட்டு அண்ணன் அந்தச் சமயத்தில்தான் நிக்கோபாரிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே தீவில் ரோடு, படகுத்துறை என்று காண்ட்ராக்டருக்குக் கீழே சென்ட்ரிங் வேலை அவருக்கு. ஒரு நாள் வாசலில் நின்றுகொண்டு என் புருஷனிடம் சொன்னார். "அம்மாவப் போட்டு ஏன்டா வதைக்கிற? வலைய வித்துட்டு எங்கூட வந்துரு. சோறு போட்டு, தங்க எடமும் குடுக்கறாங்க. வருசத்துக்கு ஒருக்கா வரலாம். ஆடி முடிஞ்சதும் நா கெளம்பறன். அதுக்குள்ள யோசிச்சு சொல்லு."

என் புருஷன் யோசிக்கிறேன் என்று தலையாட்டினார். நான் உள்ளே அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கணக்கு எளிதாக இருந்தது. நான் பரிசலில் ஏறினால் அவர் இருப்பார். ஏறாவிட்டால் கப்பலேறிவிடுவார். என்னை மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது, "உனக்கு முடியலன்னா விடு, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர் போவதில் இஷ்டமில்லை. கட்டிக்கொண்டு வந்து சில மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்த மனிதர் மேல் ஆசை வந்துவிட்டது. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. லாரிக்கு முன்னால் அவ்வளவு நீளமான வாய், வேண்டிய இடத்தில் பூட்டிக்கொண்டது.

அண்ணன் வேலையை மட்டும் சொல்லவில்லை. சாயங்காலமானால் தீவுக் கதையும் சொல்வார். அவர் இருந்த தீவில் ஒரே மரத்தைக் குடைந்து படகு செய்வார்களாம். ஆள் அகலம்கூட இருக்காது, ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் உட்கார முடியும். அப்படிக் குறுகின படகு அலையில் நிற்குமா? நிற்க வைக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். படகின் மேல் குறுக்கே கொம்புகளை வைத்துக் கட்டி, அந்தக் கொம்புகள் ஒரு பக்கமாக வெளியே நீண்டிருக்கும். நீண்ட முனையில், படகுக்கு இணையாக, ஒரு கட்டை தண்ணீரில் மிதக்கும். படகு அந்தப் பக்கம் சாய்ந்தால் கட்டை அமுங்காமல் தாங்கும், இந்தப் பக்கம் சாய்ந்தால் கட்டையின் கனம் இழுத்துப் பிடிக்கும்.

"ஆணி ஒண்ணு அடிக்க மாட்டாங்க" என்றார் அண்ணன். "எல்லாம் பிரம்புக் கட்டுதான். ஆணி அடிச்சா அலை வந்து மோதற எடத்துல வெறப்பா நின்னு ஒடையும். பிரம்பு கொஞ்சம் எளகிக் குடுக்கும். மரம் வெட்டறதே ஊரு கூடித்தான். வாய்ச்சியால குடைவாங்க, உள்ள நெருப்புப் போட்டுச் சூட்டுல வாய அகட்டுவாங்க. காட்டுலருந்து கரைக்கு இழுத்தாற அன்னிக்குப் பன்னி அடிச்சு விருந்து. அதுல ஏறிப் பக்கத்துத் தீவுக்கே பொண்ணு பாக்கப் போவாங்க."

"அந்தக் கட்டை என்னா மரம்?" என்று கேட்டார் என் புருஷன்.

"லேசான மரம் எதுவா இருந்தாலும். நம்ப கல்யாண முருங்கை மாதிரி. பட்டைய உரிச்சு, நெழல்லயே மாசக்கணக்கா காய வெச்சு, அப்பறம்தான் கட்டுவாங்க."

போனில் வீடியோவும் காட்டினார். நீலக் கடலில் பக்கக் கட்டை வைத்த படகு ஒன்று அலை மேல் ஏறி இறங்கிப் போனது. ஒரு பெண் நடுவில் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவது போலப் போய்க்கொண்டிருந்தாள். என் புருஷன் போனை வாங்கி மறுபடியும் மறுபடியும் பார்த்தார். "கவுறாதா?" என்றார். "கவுறவே கவுறாதுடா" என்றார் அண்ணன். அப்போது என் புருஷன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பார்த்ததும் இவர் ஏதோ செய்யப்போகிறார் என்று தெரிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் அவர் புதுப் பரிசல் கட்டிக்கொண்டிருந்தார். மூங்கிலைப் பிளந்து பத்தையாகச் சீவி, தரையில் பரப்பிப் பின்னி, நடுவில் கல்லைத் தூக்கி வைத்து, சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை மேலே வளைத்து விளிம்பு கட்டியாகிவிட்டது. பெரிய கூடை மாதிரி வாசலில் கிடந்தது. அதன் வெளிப்பக்கம் தைத்த சாக்கைப் போர்த்தி, தாரை உருக்கிப் பூசினால் முடிந்தது. நான்தான் தார் டப்பாவுக்கு அடியில் விறகு தள்ளினேன். தார் காய்ந்ததும் மற்றவர்களென்றால் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். இவர் அரிவாளை எடுத்துக்கொண்டு ஆட்டுப்பட்டி வேலிக்குப் போனார். அங்கே நின்ற கல்யாண முருங்கையில் தொடை கனத்துக் கிளை ஒன்றை வெட்டிச் சாய்த்து, பச்சையாகவே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"காய வெக்கணும்டா" என்றார் அண்ணன்.

"காயறதுக்குள்ள ஆடி முடிஞ்சிரும்ணா."

"பட்டையயாச்சும் உரி."

"மிதக்கறது கட்டை. பட்டை என்னா பண்ணும்?"

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். என் புருஷன் இரண்டு மூங்கிலைப் பரிசல் விளிம்பின் குறுக்கே வைத்து, நைலான் கயிற்றால் இறுக்கி, வெளியே நீண்ட முனைகளில் அந்தப் பச்சைக் கட்டையைக் கட்டினார். அண்ணனிடம் பதில் பேசினாரே தவிர, எதற்கு, யாருக்காக என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் எனக்காக என்று ஊருக்கே தெரியும். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அதைவிட அதிகமாகக் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் என் பயம் வேறு.

நல்ல நாள் பார்த்து, பரிசலுக்குச் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தோம். என்னைக் கூறைச் சேலை கட்டச் சொன்னார் அத்தை. புதுப் பரிசலில் முதல் தடவை ஏறுகிறவள் அப்படித்தான் ஏற வேண்டுமாம். சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு அந்தச் சேலை. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். "என்னாங்க இது, பரிசலுக்கு ஊன்றுகோலா?" என்று ஒருத்தி கேட்டாள். "பொண்டாட்டி உக்காரத் தனியா பெஞ்சு போட்டிருக்கறாரு" என்றாள் இன்னொருத்தி. என் புருஷன் காதில் வாங்காமல், "மொதல்ல நா ஓட்டிக் காட்டறன், அப்பறம் நீ ஏறு" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறக்கினார்.

பரிசல் கவிழவில்லை. அந்த மட்டுக்கும் அண்ணன் சொன்னது சரி. ஆனால் அது எங்கேயும் போகவும் இல்லை. துடுப்பை இழுக்க இழுக்க, கட்டை இருந்த பக்கம் தண்ணீரில் இழுத்துப் பிடித்துக்கொண்டது. கட்டை இல்லாத பக்கம் முன்னே போனது. பரிசல் கரையோரமாகவே செக்கு மாடு மாதிரிச் சுற்றியது. அவர் கையை மாற்றிப் போட்டார். அதுவும் மாற்றிச் சுற்றியது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு பச்சைக் கட்டை தண்ணீர் குடித்துக் குடித்துக் கனத்து, அந்தப் பக்கம் பரிசலைச் சாய்க்க ஆரம்பித்தது. விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. நான் சேலையோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி விளிம்பைப் பிடித்து இழுத்தேன். புதுத் தார் சேலையெல்லாம் அப்பியது.

"தம்பி, அது நீளமான படகுக்கு வெக்கறதுடா" என்றார் அண்ணன், தானும் இறங்கிக் கைகொடுத்துக்கொண்டே. "இது தோசைக்கல்லு. இதுக்குப் பக்கம் ஏது?"

என் புருஷன் சிரிக்கவில்லை. கயிற்றை அறுத்தார். கட்டையைத் தூக்கிக் கரை மேட்டில் எறிந்தார். என்னைப் பார்க்காமல், "அண்ணா, எனக்கும் சேத்துக் காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு, ஈரத் துணியோடு ஊருக்குள் போய்விட்டார்.

எல்லோரும் கலைந்த பிறகு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர் மேல், கட்டை மேல், சிரித்தவர்கள் மேல், தரகர் மேல். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. துணி காயப்போடும் கொடிக்கம்பு ஆடிக் காற்றில் சாய்ந்து கிடந்தது. கடப்பாரையை எடுத்து, தண்ணீர் ஏறாத மேட்டில் குழி தோண்டினேன். அந்தக் கட்டையை இழுத்துவந்து அதில் இறக்கி மண்ணைத் தள்ளி மிதித்தேன். இந்தக் கட்டை எதற்காவது உதவட்டும் என்ற வீம்புதான்.

அத்தை காலை நீட்டி உட்கார்ந்து வலைக் கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். "ஏம்மா, இந்த வேகத்தத் தண்ணியில காட்டக் கூடாதா?" என்றார்.

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. "கவுந்துரும்னு யாரு பயந்தாங்க அத்தை? தண்ணியில வுழுந்தா அவரு தூக்கிப் போட்டுக்குவாரு. சுத்தி நின்னா எந்தப் பக்கம் நம்ப வூடுன்னு எனக்குத் தெரியல. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குது. எனக்கு இது எதுவுமே என் ஊரு மாதிரி இல்ல." சொல்லிவிட்டு அழுதேன்.

அத்தை வலையைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கா இத்தன நாளு என் முட்டிய ஒடச்ச?" என்றார். மறுபடி வலையை எடுத்துக்கொண்டார். இவரிடம் போய்ச் சொன்னேனே என்று இருந்தது எனக்கு. கூறைச் சேலையில் இருந்த தாரை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, அலசி, அந்தப் புதுக் கம்பில் கட்டிய கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அன்று வலை விடவில்லை. ஆனால் முந்தின நாள் விட்ட வலை, பரிசல் பூசைத் தடபுடலில் எடுக்காமல், தண்ணீரிலேயே கிடந்தது. விடிந்ததும் அதை எடுக்க வேண்டும். அத்தை எழுந்திருக்கவில்லை. "என்னால ஆவாது" என்று பாயிலிருந்தே சொன்னார். என் புருஷன் தனியாகத் துடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு யோசனையும் இல்லை. அவர் இன்னும் கொஞ்ச நாளில் கப்பலேறிவிடுவார், அதற்குள் கூட ஒரு தடவையாவது போய்விட்டு வரலாம் என்று மட்டும்தான் தோன்றியது. ஓடிப்போய்ப் பரிசலில் முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

அவர் நின்று பார்த்தார். "பக்கத்துல கட்டை இல்ல" என்றார்.

"எனக்குக் கண்ணு தெரியுது. துடுப்பக் குடுங்க."

கொடுத்தார். இழுத்தேன். இடம், வலம், இடம், வலம். வலை கிடந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் வலையைத் தூக்கத் தூக்க ஜிலேபி மீன்கள் வெள்ளையாகத் துடித்தன. காற்று எழும்பியது. எனக்குத் தெரியும் வரப்போகிறது என்று, வந்துவிட்டது. பரிசல் சுற்றியது. மலை, தண்ணீர், மலை, தண்ணீர். நிறுத்தினேன். ஒரு பக்கம் பார்த்தேன், காய்ந்த மலை. இன்னொரு பக்கம் பார்த்தேன், காய்ந்த மலை. அந்த மலைக்குக் கீழே, தண்ணீர் ஓரத்துக்குக் கொஞ்சம் மேலே, சிவப்பாக ஏதோ ஒன்று காற்றில் படபடத்தது.

என் சேலை. ஒரு பக்கம்தான் இருந்தது. எதிர்ப்பக்கம் எவ்வளவு தேடினாலும் சிவப்பென்று ஒன்றுமே இல்லை.

அவர் வலை எடுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை போடு என்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. நான் துடுப்பை இறக்கிச் சிவப்பைப் பார்த்து இழுத்தேன். காற்று மறுபடி திருப்பியது. மறுபடி தேடிப் பிடித்து இழுத்தேன். எங்கே திருப்பினாலும் அது அங்கேயே நின்றது. கரை தட்டியபோது கை இரண்டும் மரத்துப்போயிருந்தது. வாய் மட்டும் எப்படியோ காது வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் பல் துலக்கிக்கொண்டு நின்றார். என் புருஷன் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவரிடம், "அண்ணா, காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார்.

"இன்னும் இல்லடா."

"சொல்லாதீங்க. துடுப்புக்கு ஆள் கெடச்சிருச்சு."

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சேலையை எடுக்கலாம் என்று மேட்டுக்குப் போனேன். அப்போதுதான் கவனித்தேன். நான் கொடியில்தான் போட்டிருந்தேன். இப்போது அது கொடியில் இல்லை. கட்டையின் உச்சியில், ஒரு முனையைச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. இருட்டினால் ஒரு துணியை வெளியே விடாதவர் என் மாமியார். நகத்தை விட்டு நெம்பினேன், முடிச்சு அசையவில்லை. எனக்கு அந்த முடிச்சுப் போடவும் தெரியாது, அவிழ்க்கவும் தெரியாது. அது வலை முடிச்சு. அந்த முட்டியை வைத்துக்கொண்டு இருட்டில் எப்படி மேடு ஏறி வந்து கட்டினாரோ.

உள்ளே போனேன். அத்தை அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "கொழம்புக்குப் புளி ஊற வெச்சிருக்கறன், பாரு" என்றார். நான் புளியைக் கரைக்க உட்கார்ந்தேன். சேலை அங்கேயே இருந்தது.

ஆடி முடிந்து அண்ணன் தீவுக்குத் திரும்பிப் போனார். அவ்வப்போது போனில் பக்கக் கட்டைப் படகுப் படம் அனுப்பி, "அடுத்தது எப்போ கட்டற?" என்று என் புருஷனை வம்புக்கு இழுப்பார். நாங்கள் பரிசலில் போய்வந்தோம். ஒவ்வொரு தடவை பரிசல் சுற்றி நின்றபோதும் நான் சேலையைத் தேடினேன். ஐப்பசி மழை பெய்து விட்ட பிறகு ஒரு நாள் துணி காயப்போடும்போது, கட்டையின் பக்கவாட்டில் பச்சையாக ஒன்று முட்டிக்கொண்டு நின்றது. துளிர். பட்டையை உரிக்காமல், காய வைக்காமல், உயிரோடு நட்டுவிட்டேன் போல. என் புருஷனுக்குப் பிடிபடவில்லை பெருமை. "காய வெச்சிருந்தா மொளைச்சிருக்குமா? பட்டைய உரிச்சிருந்தா மொளைச்சிருக்குமா?" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். தீவுக்கும் போன் போட்டுச் சொன்னார்.

துளிர் கிளையானது. கிளை கைக்கெட்டாமல் போனது. சேலை வெயிலிலும் மழையிலும் வெளுத்து வெளுத்து, கிட்டே போய்ப் பார்த்தால்தான் ஒரு காலத்தில் சிவப்பு என்று தெரியும்படி ஆனது. மாசி முடியும்போது மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு நின்றது. பட்டுப்போனதோ என்று பயந்தேன். பங்குனியில் ஒரு காலை வலை எடுத்துவிட்டுத் திரும்பும்போது, நடுத் தண்ணீரிலிருந்து பார்த்தேன். மேட்டில் மரம் முழுக்கச் சிவப்பாகப் பூத்திருந்தது. அவருக்கும் காட்டினேன். இரண்டு பேரும் துடுப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கரைக்கு வந்தபோது அத்தை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவர் மேட்டில் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. ஒரு கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை உயர்த்தி, நான் நகம் ஒடிய நெம்பியும் அசையாத அந்த முடிச்சை இரண்டு விரலால் அவிழ்த்தார். சேலையை உதறினார். நாலாக மடித்து என் கையில் வைத்தார்.

"இனிமே வூட்டுக்கு வழி தெரியுமில்ல" என்றார். "கட்டிக்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெரியும் அத்தை என்று சொன்னேன். அன்று சாயங்காலம் வலை விடப் போகும்போது அந்த வெளுத்த சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனேன்.